பத்தொன்பது மணித்தியால ஆட்டக்காரன்

லண்டனில் குட்மேய்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றபோதுதான் அந்த மின்னஞ்சலைப் படித்தேன். என் போக்கர் கணக்கை முடக்கியிருந்தார்கள். இரண்டு வாரமாக நாளுக்குப் பத்தொன்பது மணித்தியாலம் விளையாடியிருக்கிறேனாம். மனிதர் ஆடியது போலவே இல்லையாம். புதன் காலை பதினொரு மணிக்கு வீடியோ அழைப்பில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். மோசடி என்று தெரிந்தால் உரிய இடங்களுக்கு அறிவிப்பார்கள்.

அடுத்த மாதம் நான் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர இருந்தேன். அதுவும் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில். என் பின்னணியை அப்போதுதான் சரிபார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. புள்ளிவிபரவியல் படித்த எனக்குப் போக்கரைவிட அதற்குள் ஓடும் கணக்கில்தான் கிறுக்கு. வழக்கமான தளங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு துளியைக் கழித்துக்கொள்ளும். ரேக் என்பார்கள். சின்னப் பணத்துக்கு ஆடுகிறவன் நன்றாக ஆடினாலும் அதிலேயே கரைந்துபோவான். புதிதாக வந்த இந்தத் தளத்தில் அது கிடையாது. மாதச் சந்தா மட்டும்தான். கட்டிவிட்டால் எவ்வளவு ஆடினாலும் ஒரு பென்னி கழிவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது அத்தானுக்கும், மேல் அறையில் வாடகைக்கு இருந்த அண்ணைக்கும் பேப்பரில் கோடு கீறி விளக்கினேன்.

“அப்ப, கூட விளையாட விளையாட மலிவு?” அத்தான் கேட்டார்.

“ஓம் அத்தான். அதுதான் விஷயமே.”

“விளையாடாமல் விட்டால்?”

“கட்டின காசு வீண்தான்.”

அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது. டீவிக்குக் கட்டும் சந்தா வீணாகக் கூடாதென்று ஆளில்லாத அறையிலும் சீரியல் ஓடும் வீடு அது. சந்தா என்றால் வீட்டுக்கு ஒன்று. யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து என் கணக்கு ஹோலில் கிடந்த டாப்லெட்டில் திறந்தே இருந்தது. விடியவே எழும்பும் அத்தான் பின்னேர ஷிப்டுக்குப் போகும்வரை ஆடுவார். வேலை முடிந்து வரும் அண்ணை பிறகு வாங்கிக்கொள்வார். பொழுதுபட்டால் நான். அத்தான் ஒன்றுக்கும் பயப்படாமல் பணத்தைத் தள்ளுவார். அண்ணை நூறு ஆட்டத்துக்கு ஒருக்கால்தான் பணம் வைப்பார். ஒரு கணக்கு ஒருவருக்குத்தான் என்ற விதியைப் படித்து, சம்மதம் என்று சரி போட்டவன் நான். தெரிந்தும் சும்மா இருந்தேன். ஓர் ஆட்டத்துக்கு விழும் செலவு எவ்வளவு தூரம் இறங்கும் என்று பார்க்கும் ஆசை.

புதன் காலை அண்ணையும் லீவு போட்டுவிட்டார். பத்தரைக்கே மூன்று பேரும் மடிக்கணினியைச் சுற்றி நின்றோம்.

“நித்திரை வாறேல்லை எண்டு சொல்லு தம்பி,” என்றார் அத்தான். “டொக்டரிட்டக் காட்டுறன் எண்டும் சொல்லு.”

“உவனோ?” அண்ணை சிரித்தார். “இடி விழுந்தாலும் எழும்பாதவன். முகத்தைப் பாத்தாலே பிடிச்சிடுவினம்.”

அக்கா குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். “பொய் சொல்லி மாட்டுப்பட்டால் வேலையும் போகும். பிறகு மூண்டு பேரும் வீட்டில இருந்து காட்ஸ் அடியுங்கோ!”

அழைப்பில் வந்த பெண் சிரிக்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்: போன வாரம் செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அந்த நேரம் நான் வங்கியில் என் கடவுச்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. நித்திரை வராத கதை இதற்கு உதவாது. போனில் விளையாடினேன் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஆடியது நான் இல்லை,” என்றேன்.

“பிறகு யார்?”

மடிக்கணினிக்குப் பின்னால் அத்தான் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன். வீட்டில் மூன்று பேர், சந்தா ஒன்று, வீணாகக் கூடாது என்று மாறி மாறி ஆடினோம். சொல்லச் சொல்ல அது எனக்கே நம்ப முடியாததாகக் கேட்டது. அவள் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டும் என் வேலைக் கடிதத்தில் விழுவது போலிருந்தது.

“அவர்கள் வந்து தங்கள் அடையாளத்தைக் காட்ட முடியுமா?”

இவ்வளவு நேரம் கை ஆட்டிய அத்தான் ஷேர்ட் கொலரைச் சரிசெய்துகொண்டு வந்து, சாரதி அனுமதிப் பத்திரத்தைக் கமராவுக்குத் தலைகீழாகப் பிடித்தார். பின்னால் அண்ணையும் வந்து எட்டிப் பார்த்தார். அவள் எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஏதோ மென்பொருள் ஆடுகிறது என்றுதான் சந்தேகித்தார்களாம். கணக்கை மூடுவார்கள். கணக்கில் கிடந்த பணம் திரும்பி வரும். விதியை மீறியதாகத் தங்கள் கோப்பில் எழுதிக்கொள்வார்கள், வெளியே எவருக்கும் அறிவிக்க மாட்டார்கள்.

நான் கதிரையில் சாய்ந்தேன். அத்தான் என் தோளைத் தட்டினார்.

“தம்பி, மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் கிடக்கு. சந்தாவில அதைக் கழிச்சுத் தருவினமோ எண்டு கேள்.”

“சும்மா இருங்கோ அத்தான்!”

“என்ன சொல்கிறார்?” தமிழ் தெரியாத அவள் கேட்டாள்.

“நன்றி சொல்கிறார்,” என்றேன்.