ஐந்து மணிக்கு மேல் தண்ணீர்

குளியலறைக் குழாயில் வாயை வைத்து அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போர்வெல் தண்ணீர். எங்கள் தெருவில் அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஒரு வாய் வைத்தாலே தொண்டை கரிக்கும். கூடத்தில் கேன் நிறைய நல்ல தண்ணீர் இருக்கிறது, பக்கத்திலேயே தம்ளரும் இருக்கிறது. என்னைக் கண்டதும் குழாயை மூடி, சட்டையில் வாயைத் துடைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஐம்பத்து நாலு வயது மனுஷன்.

"இத ஏன் குடிக்க? அங்கன நல்ல தண்ணி இருக்குல்லா?"

"அஞ்சாச்சு," என்றான். "அஞ்சாச்சு. குடிக்கல. நான் குடிக்கல."

எனக்குப் பகீரென்றது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. சர்டிபிகேட்டில் இப்போது நாகரிகமான பெயர் போடுகிறார்கள். தெருவில் சொல்லும் பெயரை நான் எழுதமாட்டேன். சாத்தான்குளத்தில் அம்மாவோடு இருந்தான். அம்மா போன பிறகு தூத்துக்குடியில், திரேஸ்புரம் போகிற வழியில், ஒரு ஹோமில் சேர்த்தேன். ஹோம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு வாடகை வீட்டில் நாலு ஆண்கள். அவரவர் துணியை அவரவர் துவைப்பார்கள், காய் நறுக்குவார்கள், கடைக்குப் போவார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண். என்னைவிட இளையவள்தான், ஆனால் எல்லோரும் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அண்ணனை என் வீட்டுக்குக் கூட்டி வந்து, நாலரைக்கெல்லாம் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அன்றைக்கு ஆட்டோ கிடைக்காமல் நேரமாகிவிட்டது. அதனால்தான் இது என் கண்ணில் பட்டது.

ஆட்டோவில் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு போனேன். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த உதடு. வெயில் என்று நினைத்து வெண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன், மடச்சி. தண்ணீர் கொடுக்காமல் ஒரு மனுஷனைக் காயப்போட்டிருக்கிறார்கள்! அந்த நிமிஷமே அவன் பெட்டியைக் கட்டிவிட வேண்டும் போலிருந்தது. கட்டி எங்கே கொண்டுபோக? வேறு மூன்று இடங்களில் ஏற்கெனவே வயதைச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகிறவள். பகலெல்லாம் அவனைப் பூட்டிவைத்துவிட்டா போவது?

"வாங்க டீச்சர், நேரமாயிட்டேன்னு பாத்தேன். காப்பி போடட்டா?" என்றாள் அக்கா.

"காப்பி கெடக்கட்டும். எங்க அண்ணனுக்கு நீங்க தண்ணி குடுக்கதில்லையா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு மேல குடுக்கதில்ல."

அடப்பாவி! மறைக்கக்கூட இல்லை.

"அவன் என்ன மனுஷனா, மரக்கட்டையா? மாடு வளக்கவன்கூட தொட்டியில தண்ணி ஊத்தி வைப்பான். படுக்க நனஞ்சா அலசணும்னு உங்களுக்கு வலிக்கி, அதானே? கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் குடுத்தேன்னா தெரியும் சேதி!"

நாற்பது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை இது. வீட்டிலிருந்த மற்ற மூன்று பேரும் அறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்று, "குடிக்கல, குடிக்கல" என்று முனகினான். இன்னொருவர் மூலையிலிருந்த பானையில் தானாக மொண்டு ஒரு தம்ளர் குடித்தார். அவரை யாரும் தடுக்கவில்லை.

"இவருக்கு மட்டும் உண்டோ?"

"எல்லாருக்கும் உண்டு, எப்ப வேணும்னாலும் உண்டு," என்றாள் அக்கா. "உங்க அண்ணாச்சிக்கு மட்டுந்தான் இல்ல."

உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி என் முன்னால் நீட்டினாள். சேர்க்கும்போது கொடுத்த ஃபார்ம். நீல மையில், கரும்பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக என் கையெழுத்து. 'மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது. படுக்கையை நனைத்துவிடுவான். கேட்டால் ஒரு அதட்டல் போதும்.' கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு. எழுதியதையே மறந்திருந்தேன்.

"சேத்த மாசமே உங்களுக்கு போன் போட்டேன் டீச்சர். வெயில் காலத்துல மறுபடியும் போட்டேன். இதக் கேக்கலாம்னு வாயத் தொறக்கதுக்குள்ள, 'எல்லாம் ஃபார்ம்ல எழுதியிருக்கேன், படிச்சுப் பாத்து நடங்க'ன்னு வச்சிட்டிய. நனைச்சா நனைச்சிட்டுப் போறாவ, அலசிப் போடுததுல எனக்கென்ன நோவு? ஆனா வீட்டுக்காரவ எழுதினத மீறி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா என் சோத்துல மண்ணுல்லா?"

"எங்கிட்ட நீங்க மல்லுக்கு நின்னுருக்கணும்." குரல் எனக்கே கேட்கவில்லை.

"நின்னுருக்கணும்," என்று ஒத்துக்கொண்டாள். "அது என் தப்புதான்."

அது அம்மா போட்ட சட்டம். பத்து வயதில் தினமும் பாயை நனைத்தவனுக்குப் போட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நனைக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவாவது பாவம் பார்த்து அரைத் தம்ளர் கொடுத்துவிடுவாள். லீவுக்கு வீட்டுக்குப் போகும் நான்தான் செம்பைப் பிடுங்கி வைக்கிறவள். டீச்சர் ஆயிற்றே, ஒழுங்கு முக்கியம் ஆயிற்றே! ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற வாய். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பேனா வாங்கி அந்த வரிகளை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அக்கா பானையில் மொண்டு தம்ளரை அண்ணன் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"குடிண்ணே. நான்தானே சொல்லுதேன், குடி."

தம்ளரை என்னிடமே நீட்டினான். "குடிக்கல," என்றான்.

அக்கா என் தோளைத் தொட்டு, வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். நான் படியிறங்கித் தெருவைப் பார்த்து நின்றேன்.

"டீச்சர் பாக்கல அண்ணாச்சி. குடிங்க."

மடமடவென்று குடிக்கும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "இன்னும்," என்றான் அண்ணன்.

நான் திரும்பவில்லை.