அண்ணனும் நானும் மறுபடி படித்த கதை

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தங்கையின் வணக்கம். அண்ணனுடைய தொழிலைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தாயில்பட்டியில். நான் அவருக்கு நான்கு வயது இளையவள். வீட்டில் பாடப் புத்தகம் தவிர இருந்தது ஒரே ஒரு கதைப் புத்தகம். ஏரி நடுவே இடிந்து கிடக்கும் கோட்டையைத் தேடி அண்ணனும் தங்கையும் தெப்பத்தில் போகும் சாகசக் கதை. அண்ணன் வாசிப்பார், நான் கேட்பேன்.

ஒன்பது வயதில், நாமும் அப்படிப் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணன் மறுத்தார். இரண்டு நாள் நான் பேசாமல் இருந்ததும் இறங்கி வந்தார். பழைய லாரி டியூப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வெம்பக்கோட்டை அணைக்குப் போனோம். கொஞ்ச தூரத்திலேயே டியூப் கவிழ்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் குதித்து எங்களை இழுத்துப் போட்டார்.

"யாரு கூட்டிட்டுப் போனது?" என்று அப்பா கேட்டார்.

"அண்ணன்தான்" என்றேன்.

அண்ணன் மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாதமே அவரை விருதுநகரில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். புத்தகத்தை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பிற்காலத்தில் அண்ணன் ஏழாயிரம்பண்ணையில் சிறிய பட்டாசுக் கம்பெனி நடத்தினார். ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும், வெயில் ஏறிவிட்டால் மருந்து தீப்பற்றிவிடும் என்று வேலையை நிறுத்தி எல்லோரையும் வேனில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என் திருமணத்தையும் அவரே முன்னின்று நடத்தினார். என் பொய்யைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை.

சிறுநீரகம் பழுதாகி அவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, மதுரையில் பழைய புத்தகக் கடையில் அதே கதை என் கண்ணில் பட்டது. வாங்கிப் போய் அவர் படுக்கை அருகே உட்கார்ந்து வாசித்தேன். எங்கள் நினைவில் மலைபோல் நின்ற கோட்டைக்கு அதில் ஒன்றரைப் பக்கம்தான். கதையில் வரும் அண்ணன்காரன் வெடிமருந்துத் திரியில் தீ வைத்துவிட்டு, கோட்டை முழுக்க ஓடித் தங்கையைத் தேடிப் பிடித்து வெளியே வந்த பிறகுதான் மருந்து வெடிக்கிறது.

"இம்புட்டுத் திரி அம்புட்டு நேரமா எரியும்? எழுதுனவரு நம்ம பக்கம் வந்ததேயில்ல போல" என்று அண்ணன் சிரித்தார். பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்துவிட்டார்.

பிள்ளைகள் தெப்பத்தில் வீடு திரும்பும் இடம் வந்தபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன தாயி, நிறுத்திட்ட?"

"அண்ணே, அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டது நாந்தான். அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ நடுங்கிக்கிட்டு நின்ன. அதான் நானும் வாயத் தொறக்கல. ஆனா ஹாஸ்டல்ல ரெண்டு வருசம் உம்மேல கோவமாத்தான் இருந்தேன். சோத்த வாயில வைக்க முடியாது தாயி."

நான் அழுதேன். ஊசி குத்தாத கையால் என் தலையைத் தொட்டார். "சரி, மேல வாசி" என்றார்.

கதையை முடித்ததும், "அடுத்து இதவிடப் பெரிய புத்தகமாக் கொண்டா" என்றார். வாங்கி வந்தேன். அதைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து வந்து துணையிருந்த கம்பெனிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒருநாளும் முகம் சுளிக்காமல் அண்ணனைக் கவனித்த மதினிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மதினி வீட்டுக்குப் போய், அண்ணன் கேட்ட அந்தப் பெரிய புத்தகத்தை மதினிக்கு வாசிக்கிறேன். பாதி வந்திருக்கிறோம்.