பல்புக்கு அகப்படாத ஃபிளாஷ்

புதுச்சத்திரத்துப் போட்டோகிராபர் சென்னிமலை, கல்யாணம், காதுகுத்து, கோழிப்பண்ணைத் திறப்பு என்று முப்பது வருடமாகப் படம் பிடிப்பவர். அதில் ஒரு படத்தையாவது நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னதில்லை. அவர் பாராட்டிய ஒரே பொருள், பிலிம் காலத்தில் வாங்கிய, செங்கல் கனமுள்ள ஃபிளாஷ்.

போன மாதம் புது டிஜிட்டல் கேமரா வந்தது. மறுநாள் இளம்பிள்ளையில் முத்தாயம்மாள் என்பவரின் தறியில் நெய்த பட்டுச்சேலைகளைப் படமெடுக்க வேண்டும். செங்கல்லைக் கேமராவின் தலையில் ஏற்றப் போனவரை மனைவி சித்ரா தடுத்தாள். கேமராவோடு வந்த புத்தகத்தை அந்த வீட்டில் படித்த ஒரே ஆள் அவள்தான். ஃபிளாஷிலிருந்து ஆறு வோல்ட்டுக்கு மேல் வந்தால் இந்தக் கேமரா தாங்காது, பழைய ஃபிளாஷ் சிலவற்றில் இருநூறைத் தாண்டும் என்றாள். கேமரா போனால் நாளைய வேலையும் போச்சு.

சென்னிமலைக்குப் புத்தகம் ஆகாது. நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் மயில்சாமியிடம் போனார். சித்ராவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மயில்சாமி லாரியைச் சோதிக்கிற மாதிரியே, இரண்டு ஒயர் தொங்கும் இருபத்துநாலு வோல்ட் பல்பை, ஃபிளாஷைக் கேமராவில் சொருகும் காலில் வைத்தார். எரியவில்லை.

"செத்த பாம்புங்க. தைரியமா மாட்டுங்க."

சென்னிமலை, தேர்தலில் ஜெயித்தவர் போல மனைவியைப் பார்த்தார். அவளோ சுவரில் தொங்கிய வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதென்னங்ண்ணா, ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கறதுக்கா?"

சந்தனம் காய்ந்திருந்த மீட்டரை மயில்சாமி எடுத்து டி.சி.யில் வைத்தார். ஃபிளாஷின் தயார் விளக்கு எரிந்ததும் ஒரு முனையைக் காலின் நடுப்புள்ளியிலும் மற்றதைப் பக்கத் தகட்டிலும் தொட்டார். இருநூற்று முப்பத்தெட்டு. லாரி பல்பை எரிக்க அதில் கரண்ட் போதாது, கேமராவைப் பொசுக்கப் போதும். உறுதி செய்ய விரலை நீட்டியவர் யோசித்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

வீட்டு அலமாரியில் கிடந்த பழைய ஸ்டுடியோ 'கண்' ஒன்றைச் சித்ரா தேடி எடுத்தாள். எங்காவது ஃபிளாஷ் மின்னினால் அதைப் பார்த்துத் தன்னோடு மாட்டிய ஃபிளாஷையும் மின்ன வைக்கும் குட்டி டப்பா. இந்த மாதிரி வோல்ட்டேஜுக்கென்றே செய்தது. அதில் மாட்டினால் கேமராவுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு ஒயர்கூட வேண்டாம்.

இளம்பிள்ளையில் கேமராவின் சொந்தக் குட்டி ஃபிளாஷை மேனுவலில் வைத்தார். ஆட்டோவில் விட்டால் அது படத்துக்கு முன்பே ஒருமுறை மினுக்கும், கண் அதை நம்பி அவசரப்பட்டுச் செங்கல்லை மின்ன வைத்துவிடும். செங்கல் எட்டடி தள்ளி முக்காலியில் இருந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஜரிகை இழை இழையாக எழுந்து நின்றது. செங்கல் கேமராவின் தலையில் உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்காது என்று அவருக்குத் தெரிந்தது.

முத்தாயம்மாள் கேட்டார், "ஏனுங்க, அதை எதுக்கு அத்தனை தூரத்துல வெச்சிருக்கீங்க?"

"கிட்ட வந்தா கடிக்குமுங்க. எங்கூட்டுக்காரி கட்டிப் போட்டுட்டா."