கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்து

அப்பா இல்லாமல் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கழிந்துவிட்டன. தலைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களாகிய நீங்கள் அவரைத் தறிக்காரராகத்தான் அறிவீர்கள். அதற்கு முன்பு அவர் பந்தாட்டக்காரர். அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

திருச்சுழியில் பிறந்து பாளையம்பட்டியில் வளர்ந்தவர் அப்பா. யுத்த காலத்தில் மதுரையில் ஒரு மில், பூப்பந்து விளையாடுவதற்கென்றே அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. பந்தடிக்கச் சம்பளமா என்று ஊரே சிரித்ததாம். அம்மாவின் தம்பியையும் அப்பாதான் சிபாரிசு செய்து அதே அணியில் சேர்த்துவிட்டார். மாமாவுக்கு அப்பா 'பாவா', தமிழில் சொன்னால் அத்தான். ஆட்டத்தில் இருவரும் வீட்டுத் தெலுங்கில்தான் குரல் கொடுத்துக்கொள்வார்கள், எதிரணிக்குப் புரியாது. மாமா 'வதுலு' என்றால் விடு, பந்து வெளியே போகிறது என்று அர்த்தம். பின்னால் நிற்கும் மாமாவுக்குத்தான் கோடு தெரியும். அப்பா திரும்பிப் பார்க்காமல் மட்டையை இறக்கிவிடுவார்.

யுத்தம் முடிந்த வருஷம் இறுதிப் போட்டி. ஜெயித்தால் வேலை நிரந்தரம் என்று மானேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசிப் பந்து அப்பாவின் தலைக்கு மேல் வந்தது. அடித்திருக்கலாம். "வதுலு" என்றார் மாமா. அப்பா விட்டார். பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

மில் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த மாதமே மாமா, ஜெயித்த எதிரணி மில்லில் மேஸ்திரி. கூடப்பிறந்தவனைப் போல நினைத்து அப்பா அழைத்துப் போன ஆள் செய்த காரியம் இது. அப்பா சண்டை போடவில்லை. அருப்புக்கோட்டைக்கு வந்து தறியில் உட்கார்ந்தார், எங்களைப் படிக்கவைத்தார், யாரிடமும் கைநீட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாமாவிடம் அவர் தெலுங்கு பேசியதே கிடையாது. வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீகளா என்று அயலாரிடம் பேசுகிற மாதிரி தமிழில்தான் பேசுவார். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி.

அப்பா படுக்கையில் விழுந்தபோது மாமா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று தெலுங்கில் கெஞ்சினார்.

"வதுலு, பாவா."

அப்பா கையை இழுத்துக்கொண்டார். "அன்னைக்கும் இதத்தானே சொன்னீக" என்றார், தமிழில்.

கடைசி நாட்களில் வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், பந்தல் போடுவதிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்ட பங்காளிகளுக்கும் எங்கள் நன்றி. மாமாவையும் சேர்த்து எழுதச் சொன்னார் அம்மா. பிறந்த வீட்டு முறைக்கு மாமா கோடிச் சேலை எடுத்து வந்தார், அம்மாவுக்குப் போட்டார். எழுதிவிட்டேன். நன்றி என்று எழுத மட்டும் கை வரவில்லை.