கேமராவுக்குக் காதும் உண்டு

ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கல்யாண வீடியோ எடுப்பதற்காக என் மகன் புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கி வந்தான். முதல் ஆர்டருக்கு முன்னால் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தான். யாரை எடுத்தான் தெரியுமா? பெற்றவள் நான் நிற்கும்போது, சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்திருந்த அவன் மாமியாரை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. பார்க்க போட்டோ கேமரா போலத்தானே இருக்கிறது, பேச்சா கேட்கப்போகிறது என்று அதன் பின்னாலேயே நின்று முணுமுணுத்தேன்.

பிறகு எடுத்ததை டிவியில் போட்டான். சம்பந்தியம்மாள் கூச்சத்தோடு சிரிக்க, என் குரல் கணீரென்று வந்தது.

"மூஞ்சில இன்னா கீதுன்னு இவளையே சுத்திச் சுத்தி எடுக்கறான்? பெத்தவ நிக்கறது கண்ணுக்குத் தெரியல."

மகன் தலை குனிந்தான். மருமகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சம்பந்தியம்மாள்தான் பேசினார்.

"அண்ணி சொல்றது நியாயந்தானே, மாப்ள. நீங்க வந்து இங்க குந்துங்க அண்ணி. வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது."

கையைப் பிடித்து உட்காரவைத்து, என் முந்தானையையும் அவரே சரிசெய்தார்.

"எதுனா பேசும்மா, மைக்கு பாக்கணும்" என்றான் மகன்.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை நான். அன்று கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. அந்தப் படத்தில் என் முகம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேமராவைக்கூடப் பார்க்கவில்லை. அதன் பின்னால், சற்று முன் நான் நின்ற இடத்தில் நிற்கும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.