சுண்ணாம்புக்கு அடியில் ஒரு தேதி

மலேரியா ஒழிப்புக்கு அரசாங்கம் செலவழித்ததற்குப் பலன் இருக்கிறதா என்று மதிப்பிட, எண்பதுகளின் தொடக்கத்தில் கடம்பூர்ப் பக்கம் போனேன். மலேரியா ஊழியர் தாம் வந்துபோன தேதியை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் அது. சுவரெல்லாம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. தேதி எதிலும் இல்லை. 'ஊழியர் வரவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

கூட வந்த மலேரியா ஊழியர் காக்கிச் சட்டை போட்ட ஒடிசலான மனிதர். வீட்டுக்கு வீடு கட்டைவிரல் நகத்தால் புதுச் சுண்ணாம்பைச் சுரண்டினார். அடியில் அவர் எழுதிய தேதி தெரிந்தது.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்காம இருப்பாவளா சார்?" என்றார். "காலையில இருந்து சுவரையே பாக்குதீங்க. யாருக்காவது காய்ச்சல் உண்டான்னு ஒரு வீட்லயும் கேக்கலையே?"

அடுத்த வீட்டில் கேட்டேன்.

"ரெண்டு வருசமா ஒருத்தருக்கும் இல்ல" என்றாள் வீட்டுக்காரி.

அதை எழுத என் படிவத்தில் இடமில்லை. அவர் அதற்குள் அந்த வீட்டுச் சுவரையும் சுரண்டத் தொடங்கியிருந்தார்.