மினுங்கக் கூடாத விமானம்

நெயில் பாலிஷை டிரம் டிரம்மாகக் கொட்டி வைத்தால் எப்படி மணக்கும்? துபாய் அல் கூஸில் எங்கள் ஒர்க்‌ஷாப் அந்த வருஷம் அப்படித்தான் மணந்தது. இறக்கையில் துணியை இழுத்துக் கட்டி, அது மத்தளம் மாதிரி விறைக்க ஒரு பூச்சு பூசுவோம். அந்த வாசனை சட்டை, தலைமுடி, சாப்பாட்டு டப்பா வரை ஏறிவிடும். கேம்ப் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒருத்தனும் உட்காரமாட்டான்.

ஆமாம், விமான இறக்கைதான்... நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

எக்ஸிபிஷன் ஸ்டால், கடை போர்டு என்று செய்துகொண்டிருந்த கம்பெனி எங்களுடையது. ஒரு தனியார் மியூசியம் வாங்கிய பழைய சண்டை விமானம் எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தது. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. மூக்கில் மர விசிறி. பைலட்டின் தலைக்கு மேல் கூரை கிடையாது. இனி பறக்கப் போவதில்லை, மியூசியத்தில் நிற்க மட்டும்தான்.

அதை யுத்தகால மாடலாக மாற்றித் தர வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது, புது விமானம் கைக்கு வராத ஊர்களில் இந்தப் பழசையே தட்டிக்கொட்டிச் சரிசெய்து காவலுக்கு அனுப்பினார்களாம். அதனால் பைலட்டுக்குக் கண்ணாடி மூடி, மூன்று இலை உலோக விசிறி, கீழ் இறக்கையில் கூடுதலாக இரண்டு துப்பாக்கி. கண்ணாடி மூடியும் துப்பாக்கிக் கூடும் என் வேலை. பெயிண்ட், மாரியப்பன் வேலை.

மாரியப்பன் சிவகங்கைப் பக்கத்துக்காரன், என் ரூம்மேட். எங்களிடம் வருவதற்கு முன் கார் பெயிண்டிங் கடையில் இருந்தவன். வாய் ஓயாது. ஆனால் கையும் ஓயாது.

அப்போது ஊரில் என் மனைவி நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்த அன்றைக்கே போய்விட்டது. நான் இங்கே டூட்டியில் இருந்தேன். "இந்தத் தடவ நீங்க பக்கத்துல இருங்க, போதும்" என்று போனில் சொன்னாள். வேறு எதுவுமே கேட்கவில்லை.

டிக்கெட் போட்டாயிற்று. ஆனால் எங்கள் முதலாளி, அர்பாப், ஒரே வார்த்தையில் நின்றார். "பெஹ்லே காம் கலாஸ், ஃபிர் சுட்டி." வேலை முடிந்தால்தான் லீவு. பாஸ்போர்ட் அவர் கையில். விமானத்துக்கு மியூசியம் ஓகே சொன்னால்தான் நான் விமானம் ஏற முடியும்.

மியூசியம் சார்பில் பார்க்க வருகிறவர் சுகந்தி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், இன்ஜினியர். அதிகம் பேசமாட்டார். அவர் வர வேண்டிய நாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்த எனக்குக் கண் கூசியது.

விமானம் ஜொலித்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மாரியப்பன் முந்தைய நாள் முழுக்க இரண்டு பேரை வைத்து மெழுகு போட்டு பாலிஷ் அடித்திருக்கிறான். எங்கள் தொழிலில் கைமாற்றிக் கொடுக்கிற எதுவானாலும் பளபளக்க வேண்டும். மினுக்காமல் கொடுத்தால் வேலை அரைகுறை என்று அர்த்தம். அது எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். "மாப்ள, நீ ஊருக்குப் போகணும்ல. மேடம் பாத்தவொடனே ஓகே சொல்லிருவாக பாரு" என்றான்.

மேடம் வந்தார். பார்த்தார். இறக்கையில் விரலை ஓட்டினார்.

"ஆர் இதை மினுக்கினது?"

மாரியப்பன் பெருமையாக ஒரு அடி முன்னால் வந்தான். பாவம்.

"இது சண்டைக்குப் போற விமானம் தம்பி. வெயில்ல மினுங்கினா எதிரி தூரத்திலயே கண்டிடுவான். மங்கலாத்தான் இருக்கோணும்." குரல் உயரவே இல்லை. "விமானச் சத்தம் கேட்டு பங்கருக்குள்ள ஓடி ஒளிஞ்ச ஆள் நான். எனக்கு இது விளங்கும்."

மெழுகைத் துணி கிழியாமல் எடுத்து, மறுபடி மங்கல் பெயிண்ட் அடித்துக் காய வைக்க வேண்டும். அதற்குள் என் ஃபிளைட் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். மாரியப்பன் முகம் செத்துவிட்டது. "மேடம், தப்பு என்னோடது. இவன் சம்சாரத்துக்குப் பிரசவம்... இவன மட்டும் விட்ருங்க" என்று முதல் பிள்ளை கதை வரை சொல்லிவிட்டான். நான் தலையைக் குனிந்து நின்றேன்.

மேடம் ஏணியில் ஏறி என் கண்ணாடி மூடியைத் தள்ளிப் பார்த்தார். துப்பாக்கிக் கூட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு அர்பாப் அறைக்குள் போனார். வெளியே வரும்போது அவர் கையில் என் பாஸ்போர்ட்.

"உங்கட வேலை சரியா இருக்கு. அதுக்கு நான் ஓகே போட்டுட்டன். பெயிண்டை இவையள் பாக்கட்டும். விமானம் நாளைக்கும் நிக்கும் தம்பி, பிள்ளை நிக்காது. நீங்கள் வெளிக்கிடுங்கோ."

ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது மாரியப்பன் இறக்கைக்கு அடியில் படுத்து மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை லீவையும் அதற்கே கொடுத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. போனில் கேட்டபோது, "சும்மா ரெண்டு கோட் அடிச்சேன் மாப்ள" என்றதோடு சரி.

பரமக்குடி ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்விட்டேன். மகள் பிறந்து அழுத முதல் அழுகையைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். என் மனைவி என்னைப் பார்த்து "வந்துட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்தபோது விமானம் மியூசியத்துக்குப் போயிருந்தது. மாரியப்பன் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊர் போய் செட்டிலாகிவிட்டான், பொங்கலுக்குப் பேசுவோம். மேடம் கனடா போய்விட்டதாகச் சொன்னார்கள். நம்பர் மாறிவிட்டது.

இப்போது நான் வேலை பார்க்கிற கம்பெனியில் லீவு கேட்க மொபைல் ஆப் இருக்கிறது. அமுக்கினால் பச்சை டிக் வரும். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாது...

போன மாதம், ஸ்கூல் லீவுக்கு இங்கே வந்த மகளை அந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். முடிந்த விமானத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இறக்கை முழுக்க மண்ணும் பச்சையுமாக, ஒரு இடத்தில்கூட மினுக்கம் இல்லை. மாரியப்பன் ஒரு மூலையையும் விட்டுவைக்கவில்லை.

"டாடி, இது ஏன் இவ்ளோ டல்லா இருக்கு?" என்றாள்.

"நீ பொறக்குறப்ப அப்பா அங்க இருக்கணும்னு இதுக்கு ரெண்டாவது தடவ பெயிண்ட் அடிச்சாங்கம்மா" என்றேன்.

ஒன்றும் புரியாமல் சிரித்தாள். வெளியே வந்ததும் மாரியப்பனுக்கு வீடியோ கால் போட்டு, போனை அவள் கையில் கொடுத்தேன்.